சென்னை – பலாலி: 355 கிலோமீட்டர்தானே, ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

வளசை_மகள் | ஜூன் 21, இரவு 9:40

வணக்கம். அம்மாவை யாழ்ப்பாணத்துக்கு, அங்குள்ள பலாலி விமான நிலையம் வழியாக அழைத்துப் போக வேண்டும். அம்மாவுக்கு 71 வயது, பிறந்து வளர்ந்தது உரும்பிராயில். 1979இல் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தவர். கடைசியாகப் போனது 2004இல், கொழும்பில் இறங்கி ஏ9 சாலையில் பஸ்ஸில். பெரியம்மாவுக்கு இப்போது 78. நடமாட்டம் குறைந்துவிட்டது, அவர் இங்கே வர வாய்ப்பில்லை. அதனால் நாங்கள் போகிறோம்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கால் மடக்கி உட்கார்ந்தால் வலி தாங்காது. அதனால்தான் நேரத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறேன். மூன்று இணையதளங்களில் தேடினேன், ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றில் 355 கிலோமீட்டர், இன்னொன்றில் 379. மூன்றாவது தளம் பறக்கும் நேரம் 26 நிமிடம் என்கிறது! டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கிறது.

கொழும்புக்குப் பார்த்தால் அதற்கும் கிட்டத்தட்ட ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான். கொழும்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் இல்லையா? எந்தக் கணக்கை நம்புவது?

இன்னொன்று. கடிகாரத்தை மாற்ற வேண்டுமா என்று அம்மா கேட்கிறார். 2004இல் மாற்றினாராம்.

ரன்வே25 | ஜூன் 21, இரவு 10:25

முதலில் தூரம். அதை நீங்களே கையால் போட்டுப் பார்க்கலாம். சென்னை விமான நிலையம் 12.99 பாகை வடக்கு, 80.18 பாகை கிழக்கு. பலாலி 9.79 வடக்கு, 80.07 கிழக்கு. இந்த இரண்டாவது எண்களைப் பாருங்கள். 80.18, 80.07. வித்தியாசம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதாவது பலாலி சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. வரைபடத்தில் இலங்கையை நாம் தென்கிழக்காகவே பார்த்துப் பழகியதால் இதைச் சொன்னால் நிறையப் பேர் நம்ப மாட்டார்கள்.

நேர் தெற்கு என்பதால் அட்சரேகை வித்தியாசம் ஒன்றே போதும். 3.2 பாகை. நம் பக்கத்தில் ஒரு பாகை 110.6 கிலோமீட்டர். பெருக்கினால் 354 வரும். ஆக 355 சரி. கடல் மைலில் சொன்னால் சுமார் 191.

379 எங்கிருந்து வந்தது என்றால், அது ஊருக்கு ஊர் கணக்கு. சென்னை நகர மையத்திலிருந்து யாழ்ப்பாண நகரம் வரை அளந்தால் அப்படித்தான் வரும். மீனம்பாக்கம் நகரத்துக்குத் தெற்கே, பலாலி யாழ் நகரத்துக்கு வடக்கே. இரண்டு விமான நிலையமும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்திருப்பதால் 24 கிலோமீட்டர் குறைகிறது. அதனால் "விமான நிலையத்துக்கு விமான நிலையம்" என்று போட்டிருக்கிறதா, "நகரத்துக்கு நகரம்" என்று போட்டிருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள்.

அந்த 26 நிமிடத்தை மறந்துவிடுங்கள். ஏதோ ஒரு மென்பொருள் 355ஐ ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்துப் போட்டிருக்கிறது. தரையிலிருந்து மேலே ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்ற கணக்கே அதில் இல்லை. அதோடு பலாலிக்கு ஜெட்டே போவதில்லை.

ரன்வே25 | ஜூன் 21, இரவு 10:48

தொடர்ச்சி. கொழும்புக்கும் பலாலிக்கும் ஏன் ஒரே நேரம் என்பதுதான் நல்ல கேள்வி.

சென்னை – கட்டுநாயக்க (கொழும்பு விமான நிலையம்) 645 கிலோமீட்டர். அங்கே போவது ஏர்பஸ் 320 மாதிரி ஜெட். மேலே போய்ச் சீரான வேகம் பிடித்ததும் மணிக்கு 830 கிலோமீட்டர். பலாலிக்குப் போவது ஏடிஆர் 72. இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றுகிற விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் சொச்சம். தூரம் பாதிக்குச் சற்று அதிகம், வேகமும் அதே விகிதத்தில் குறைவு. அதனால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

அப்புறம் டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரம் இல்லை. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் அந்தப் பக்கம் போய் நிற்கிற வரை. ஓடுபாதைக்கு உருண்டு போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு உருண்டு வருவது எல்லாம் அதில் அடக்கம். நான் வைத்திருக்கும் குத்துமதிப்புக் கணக்கு இது: எந்தப் பயணமானாலும் அரை மணி நேரம் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அதோடு தூரத்தை வேகத்தால் வகுத்து வருவதைக் கூட்டுங்கள். பலாலிக்கு 355ஐ 500ஆல் வகுத்தால் 43 நிமிடம், கூட அரை மணி, 73. டிக்கெட்டில் 75. கொழும்புக்கு 645ஐ 800ஆல் வகுத்தால் 48, கூட அரை மணி, 78. சிங்கப்பூருக்கு 2,920 கிலோமீட்டர், அதற்கும் இந்தக் கணக்கு நாலு மணி நேரத்தில் கொண்டுவந்து விடும்.

தூரம் குறையக் குறைய இந்த மாறாத அரை மணிதான் பெரிதாகத் தெரியும். சிங்கப்பூர்ப் பயணத்தில் அது எட்டில் ஒரு பங்கு. பலாலிப் பயணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு.

காவிரிக்கரை | ஜூன் 22, காலை 6:15

ரன்வே அண்ணன் சொன்னதற்கு எங்கள் ஊரே சாட்சி. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு ஏடிஆர் போகிறது. திருச்சி – பலாலி 185 கிலோமீட்டர்தான். ஆனால் நேரம்? ஒரு மணி நேரம். சென்னையைவிடப் பாதித் தூரம், மிச்சமாவது கால் மணி நேரம்! முதல் தடவை பார்த்தபோது அட்டவணையில் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

ஆனாலும் தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். இத்தனை வருஷம் யாழ்ப்பாணம் போக நாங்கள் வடக்கே சென்னைக்கு ஏறிப்போய்த்தான் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தோம்.

பனங்கூடல் | ஜூன் 22, காலை 7:02

அக்கா, நான் சுன்னாகத்தில் இருக்கிறேன். உரும்பிராய் என்றபடியால் சொல்ல வேண்டும் போல இருந்தது. உங்கட அம்மாவின் ஊர் பலாலி வீதியிலேயே இருக்கிறது! விமான நிலையத்தில் வெளிக்கிட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், புன்னாலைக்கட்டுவன், ஊரெழு தாண்டினால் உரும்பிராய்ச் சந்தி. கார் என்றால் அரை மணித்தியாலத்துக்குள் வீட்டு வாசல். யாழ் நகரத்துக்கே போகத் தேவையில்லை.

கட்டுநாயக்கவில் இறங்கினால் என்ன நடக்கும் என்றும் பாருங்கோ. புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று சுற்றி வர, வான் வண்டியில் என்றாலும் ஏழெட்டு மணித்தியாலம். ரயில் என்றால் முதலில் கொழும்புக் கோட்டை ஸ்டேசனுக்குப் போக வேண்டும், அதுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல். யாழ்ப்பாணத்துக்கு ரயில் 2014 அக்டோபரில் திரும்ப வந்தது எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம்தான், ஆனால் முழங்கால் வருத்தக்காரருக்கு அந்த இருப்பு சரிவராது.

நேரம் பற்றி: கடிகாரத்தைத் தொடத் தேவையில்லை. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

எழும்பூர்_முதியவர் | ஜூன் 22, காலை 10:30

கடிகாரம் பற்றி அம்மா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. 1996 மே மாதம் இலங்கை தன் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னால் எடுத்தார்கள். அப்படியே நம்மைவிட அரை மணி முந்தியே ஓடியது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி நம் நேரத்துக்கு வந்தார்கள். எனவே 2004இல் உங்கள் தாயார் கடிகாரத்தை மாற்றித்தான் இருப்பார்.

பழைய சேதி ஒன்று. இந்த விமானப் பாதை புதிதல்ல. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணமே இதுதான். 1947 டிசம்பர் 10ஆம் தேதி இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, மெட்ராசுக்கு வந்தது. காங்கேசன்துறை என்று அன்று சொன்னது இந்தப் பலாலியைத்தான். விமானம் டகோட்டா, பெயர் சீதா தேவி. டகோட்டாவின் வேகம் மணிக்கு 270, 280 கிலோமீட்டர். ரன்வே தம்பியின் கணக்குப்படி போட்டால் பலாலியிலிருந்து இங்கே வர ஒன்றே முக்கால் மணி நேரம் வருகிறது. எழுபத்தைந்து ஆண்டில் நாம் மிச்சப்படுத்தியது அரை மணி நேரம்தான்!

என் தகப்பனார் போட் மெயிலில் போனவர். எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதோடு அந்த வழியும் போனது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் சில காலம் ஓடியது, எண்பதுகளில் அதுவும் நின்றது.

வளசை_மகள் | ஜூன் 22, மதியம் 1:15

எல்லோருக்கும் நன்றி. பதிவுகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடிகாரம் பற்றி வாசித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொழும்பில ஒரு நேரம். ஓமந்தையைத் தாண்டி புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னிக்குள்ள போனால் பழைய நேரம், அரை மணி குறையும். முகமாலையில திரும்ப ஆமிப் பக்கம் வர அரை மணி கூடும். ஒரே பயணத்தில மூன்று தரம் மணிக்கூட்டைத் திருப்பினனான்" என்றார். இது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

பனங்கூடல் தம்பி, பலாலி வீதியிலேயே வீடு என்றதும் அம்மா உங்கள் வீட்டார் யார் என்று கேட்கச் சொன்னார். பொதுவெளியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது என் கேள்வி: 75 நிமிடம் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் அம்மாவின் ஒன்றரை மணி நேர எல்லைக்குள் வந்துவிடும், சரிதானே?

கொழும்புப்_பயணி | ஜூன் 22, மதியம் 2:50

கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். வயதானவரைச் சின்ன விமானத்தில் அழைத்துப் போவதை நான் விரும்ப மாட்டேன். ஏடிஆர் மேகத்துக்குள்ளேயே பறக்கும், ஆட்டம் அதிகம், சத்தமும் அதிகம். ஜெட் 35,000 அடிக்குப் போய்விடும், அங்கே அமைதி. கொழும்பில் இறங்கி ஒரு இரவு தங்கி, மறுநாள் மெதுவாகக் காரில் போனால் உடம்புக்கு நல்லது. நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ரன்வே25 | ஜூன் 22, மாலை 4:10

கொழும்புப் பயணி சொல்வதில் பாதி உண்மை. இவ்வளவு குறுகிய தூரத்தில் ஏடிஆர் 15,000 அடியை ஒட்டித்தான் பறக்கும், மழை மேகங்கள் அந்த உயரத்தில்தான் இருக்கும். ஆனால் இந்தப் பாதையில் கல்பாக்கம் தாண்டியதும் ஏறக்குறைய முழுவதும் கடல்தான். பிற்பகல் வெயிலில் தரை சூடாகிக் கிளம்புகிற ஆட்டம் கடல் மேலே குறைவு. அந்த ஆட்டத்துக்காக ஏழு மணி நேரம் காரில் முழங்காலை மடக்கி உட்கார வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

சத்தத்துக்கு ஒரு வழி இருக்கிறது. காற்றாடிக்கு நேராக வரும் முன்பக்க வரிசைகளில்தான் இரைச்சல். பின் வரிசை எடுங்கள். ஏடிஆரில் பயணிகள் கதவே பின்னால்தான், அதனால் அம்மா நடக்க வேண்டிய தூரமும் குறையும்.

சின்ன விமானம் ஏன் என்று கேட்பவர்களுக்கு: பலாலியை 2019 அக்டோபர் 17ஆம் தேதி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது ஓடுபாதையில் 1,400 மீட்டரைத்தான் பயன்பாட்டுக்குத் தயார் செய்திருந்தார்கள். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர். முழு எடையோடு ஏற ஏடிஆர் 72க்கே 1,300 மீட்டர் அளவுக்கு வேண்டும். வெயில் கூடினால் காற்று லேசாகும், இன்னும் நீளம் கேட்கும், அப்போது எடையைக் குறைத்தாக வேண்டும். பெட்டி விஷயத்தில் கறாராக இருப்பதற்கு இதுதான் அடிப்படை. அங்கே ஏர்பஸ் 320 இறங்குவது நடக்காத காரியம். ஓடுபாதை நீண்டால் ஜெட் வரும், ஜெட் வந்தாலும் மிச்சமாவது பதினைந்து நிமிடம்தான்.

செவிலி_அக்கா | ஜூன் 22, இரவு 8:05

மகளே, உன் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள், முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்த என் அம்மாவை இதே மாதிரி விமானத்தில் கூட்டிப்போனவள். அதனால் சொல்கிறேன்.

75 நிமிடம் விமானத்தின் கணக்கு. முழங்காலின் கணக்கு வேறு. சக்கர நாற்காலி கேட்டால் அம்மாவை எல்லோருக்கும் முன்னால் ஏற்றுவார்கள், அங்கேயே இருபது நிமிடம் கூடிவிடும். இறங்கும்போது எல்லோருக்கும் பின்னால் இறக்குவார்கள், இன்னொரு பத்து நிமிடம். ஆக 105 நிமிடம். உன் எல்லையைத் தாண்டிவிட்டது.

பயப்பட வேண்டாம், செய்ய வேண்டியது இதுதான். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிவு செய். ஆனால் ஏறுவதற்கு முன், அந்த வாயிலில் காத்திருக்கும் நேரத்தில் அம்மாவை நாற்காலியிலேயே உட்கார விடாதே. எழுப்பிப் பத்து அடி நடக்கவிடு. வலி அங்கேயே சேர ஆரம்பித்துவிடும், விமானத்தில் ஏறின பிறகு அல்ல. நடைபாதையை ஒட்டிய இருக்கை என்றால் காலை நீட்டலாம், எழலாம். பெல்ட் விளக்கு அணைந்ததும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கட்டும், பாதிப் பயணத்தில் ஒரு தடவை நின்றாலே போதும். வழக்கமாகப் போடும் வலி மாத்திரை எதுவோ, அதை எப்போது போடலாம் என்று அவருடைய டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்.

என் அம்மா விஷயத்தில் விமானப் படியைப் பற்றி முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. வெயிலில், படிக்குக் கீழே நின்று, ஏற முடியாமல் அவர் அழுதது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஏடிஆரின் படி சிறியது, ஐந்தாறு படிதான், கதவோடு சேர்ந்தே இறங்கும். ஆனாலும் ஏற முடியுமா என்று வீட்டு மாடிப்படியில் ஒரு தடவை பார்த்துக்கொள். முடியாது என்றால் தூக்கி ஏற்றும் வண்டியோ சாய்தளமோ இரண்டு பக்கமும் கிடைக்குமா என்று போன் செய்து கேட்டு உறுதி செய்த பிறகுதான் கிளம்ப வேண்டும்.

காவிரிக்கரை | ஜூன் 22, இரவு 9:20

செவிலி அக்கா சொன்னதை நான் தனியாகச் சேமித்து வைத்துக்கொண்டேன். என் மாமியாருக்கு உதவும்.

கப்பல் பற்றி யாரும் பேசவில்லையே? நாகப்பட்டினம் – காங்கேசன்துறை, சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் மறுபடி ஓடுகிறது. எழுந்து நடக்கலாம், முழங்காலுக்கு நல்லதுதான்.

வளசை_மகள் | ஜூன் 22, இரவு 10:00

நாகப்பட்டினம் போகவே இங்கிருந்து ஆறேழு மணி நேரம் ஆகும் சார். அம்மாவுக்கு ஆகாது. ஆனால் கேட்டதும் அவருக்கு ஆசையாக இருந்தது.

செவிலி அக்கா, மாடிப்படியில் பார்த்தோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆறு படி ஏறினார், இறங்கத்தான் கஷ்டம். சக்கர நாற்காலி பதிவு செய்துவிட்டேன். சாய்தளம் பற்றியும் நாளை போன் செய்து கேட்கிறேன். ஜூலை 12 டிக்கெட்.

புதியவன்_தாம்பரம் | ஜூன் 23, காலை 8:40

எனக்கும் ஒரு சந்தேகம். லண்டனுக்குப் போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் காட்டுகிறது. பலாலிக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. ஏன்?

ரன்வே25 | ஜூன் 23, காலை 9:30

காற்று. சென்னை – லண்டன் 8,200 கிலோமீட்டர் சொச்சம், மேற்கு நோக்கிப் போகிற பாதை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று வீசுகிறது. போகும்போது அது முகத்தில் அடிக்கிறது, வரும்போது முதுகில் தள்ளுகிறது. முக்கால் மணி, ஒரு மணி நேரம் வித்தியாசம் வந்துவிடும்.

பலாலிப் பாதை வடக்கு தெற்காகப் போகிறது. நம் பருவக்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வரும், அதாவது விமானத்தின் விலாவில் படும். முன்னே தள்ளவும் இல்லை, பின்னே இழுக்கவும் இல்லை. அதோடு 43 நிமிடப் பறப்பில் காற்று என்ன பெரிதாக மாற்றிவிட முடியும்?

பருவத்தால் மாறுவது வேறொன்று. தென்மேற்குக் காற்று வீசும் இந்த மாதங்களில் மேற்குப் பார்த்து ஏறி இடது பக்கம் திரும்புவார்கள். வடகிழக்குப் பருவத்தில் கிழக்குப் பார்த்து ஏறி, வலப்பக்கம் தெற்கே வளைவார்கள். டிசம்பரில் போக நினைப்பவர்கள் மட்டும் மறுநாள் முக்கிய வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தையே மறுநாள் காலை வரை மூடிவிட்டார்கள்.

வளசை மகளுக்கு ஒன்று: அம்மாவுக்கு நடைபாதை இருக்கை எடுத்தாலும், வலப்பக்கத்து ஜன்னல் நீங்கள் எடுங்கள். தெற்கே போகும்போது நம் கரை முழுவதும் வலப்பக்கம் வரும். ஏடிஆருக்கு இறக்கை மேலே இருப்பதால் எதுவும் மறைக்காது.

வளசை_மகள் | ஜூலை 20, இரவு 8:30

போய்ச் சேர்ந்தோம். கேட்டவர்களுக்காக நேரத்தைக் குறித்து வைத்தேன்.

இருக்கையில் உட்கார்ந்ததிலிருந்து கதவு மூடும்வரை 22 நிமிடம். கதவு மூடி நாலாவது நிமிடம் நகர்ந்தது. ஓடுபாதையில் எங்களுக்கு முன்னால் இரண்டு விமானங்கள். பதினேழாவது நிமிடம் சக்கரம் தரையை விட்டது. அறுபத்தொன்பதாவது நிமிடம் பலாலியில் தொட்டது. எழுபத்து மூன்றில் நின்றது. கடைசியாக இறங்க இன்னும் ஒன்பது நிமிடம். ஆக வானத்தில் இருந்தது 52 நிமிடம், டிக்கெட் கணக்கில் 69 நிமிடம், அம்மாவின் முழங்கால் கணக்கில் 104 நிமிடம். செவிலி அக்கா 105 என்றார்!

அக்கா சொன்னபடி வாயிலில் நடக்க வைத்தேன். நடுவில் ஒரு முறை எழுந்து இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். படியில் இறங்கும்போது ஒரு பணிப்பெண் முன்னால் நின்று பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கி அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வலி இருந்தது, தாங்கிக்கொள்ளும் அளவுக்கு.

ஜன்னலில் நான் உட்கார்ந்தது பத்து நிமிடம்தான். கல்பாக்கம் தாண்டியதும் அம்மா இடம் மாறிக்கொள்ளலாமா என்று கேட்டார். சக்கரம் வயிற்றுக்குள் மடங்கிக் கிடப்பதைக் காட்டினேன், அதை அவர் பார்க்கவில்லை. கரையையே பார்த்துக்கொண்டு வந்தார். வேதாரண்யம் உப்பளம் வெள்ளை வெள்ளையாகக் கட்டம் போட்டது போலத் தெரிந்தது. கோடியக்கரையோடு நம் கரை முடிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நிமிடத்தில் அந்தப் பக்கம் பனைமரங்கள் வந்துவிட்டன, அப்புறம் செம்மண் தோட்டங்கள். "இவ்வளவுதானா கடல்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.

வாசலுக்கு வந்து காரில் ஏறி, உரும்பிராய் வீட்டுக்கு 25 நிமிடம். பெரியம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே அங்கேதான் இருந்தாராம்.

பனங்கூடல் | ஜூலை 20, இரவு 9:05

மெத்தச் சந்தோஷம் அக்கா. அம்மா எப்படி இருக்கிறா? சந்தைப் பக்கம் போனவவா?

புதியவன்_தாம்பரம் | ஜூலை 20, இரவு 9:22

நாங்கள் செப்டம்பரில் போகிறோம். திரும்பி வரும்போது எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

வளசை_மகள் | ஜூலை 20, இரவு 9:45

இடப்பக்கம், தம்பி. வடக்கே வரும்போது கரை இடது கைப் பக்கம் வரும். நான் அப்படித்தான் உட்கார்ந்து வந்தேன்.

பனங்கூடல், நான் மட்டும்தான் திரும்பினேன். அம்மா அங்கேயே இருக்கிறார். விசா முப்பது நாள். ஆகஸ்ட் 9ஆம் தேதி போய் அழைத்து வருகிறேன், அதற்கும் பின்வரிசையில் இரண்டு இருக்கை போட்டாயிற்று.